அல்கோல் மங்காத இரவு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கோளரங்க டோமை விரிப்பது, காற்றடிப்பது, புரொஜெக்டரைச் சூடு ஆறிய பிறகு பெட்டியில் வைப்பது எல்லாம் இந்நேரம் உங்களுக்குப் பழகியிருக்கும். அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. திடலில், இருட்டில், நூறு பேர் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நம் வேலையில் தவறு நடக்கும் இடம் அது.

நான் பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு பினாங்கின் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. அதை மூடியதும் இந்த வேலைக்கு வேன் ஓட்டுநராக வந்தேன். இடுப்பு தேய்ந்துவிட்டது, இனிப் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஐம்பத்தைந்து வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நம் முதலாளியை நீங்கள் டீச்சர் என்று கூப்பிடுகிறீர்கள். எனக்கு அவர் எப்போதும் அக்காதான். அறிவியல் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, டத்தோ கிராமாட்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு டோமையும் இரண்டு தொலைநோக்கிகளையும் வைத்து இந்த நடமாடும் கோளரங்கத்தைத் தொடங்கியவர். "அந்த அல்கோல் கதைய எழுதிக் குடு. என் தப்ப மறைக்காம எழுது" என்று அவர்தான் கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

அல்கோலை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைப்பூச சமயத்தில் பொழுது சாய்ந்ததும் வடக்கே பார்த்தால் நல்ல உயரத்தில் இருக்கும். கண்ணுக்கு ஒரு நட்சத்திரம்தான். உண்மையில் இரண்டு. ஒன்று வெள்ளையாக, மிகுந்த சூட்டோடு பளிச்சென்று எரிவது. இன்னொன்று அதைவிடப் பெரியது, ஆனால் மங்கலானது. சூரியனுக்கும் புதன் கிரகத்துக்கும் உள்ள தூரம்கூட இந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சுற்று. மங்கல் நட்சத்திரம் நமக்கும் பளிச்சென்ற நட்சத்திரத்துக்கும் குறுக்கே வரும்போது வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பிறகு அதே போல மெல்ல ஏறும். பளிச்சென்றது முன்னால் வரும்போதும் ஒரு சின்னக் குறைவு உண்டு. அது கருவிக்குத்தான் தெரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊரில் எந்தக் கருவியும் இல்லாமல், வீட்டு வாசலில் நின்று ஒரு நட்சத்திரம் சுருங்குவதைப் பார்க்க முடியும் என்றால் அது இதுதான்.

அந்த இரண்டு நட்சத்திரங்களைப் பற்றி அக்கா சொன்னவற்றில் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. இப்போது மங்கலாக இருப்பதுதான் ஒரு காலத்தில் இரண்டிலும் கனமாக இருந்ததாம். தன் வாயுவையெல்லாம் பக்கத்தில் உள்ளதற்கு ஊற்றி ஊற்றி, தான் இளைத்து அதைக் கொழுக்க வைத்துவிட்டதாம். அக்கா இதைச் சொல்லும்போது திடலில் உள்ள தாய்மார்கள் எல்லாரும் சிரிப்பார்கள். "நம்ம கதைதான் டீச்சர்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

இதைக் காட்டுவதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். சீனக் கடையில் பெரிய சிவப்புத் தங்லோங் ஒன்று வாங்கி வந்தார். பிள்ளைகள் கையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் அந்தக் காகித விளக்குதான். அதை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒரு சின்ன டார்ச் லைட்டைப் பிடித்துக்கொள்வார். இருவரும் எதிரும் புதிருமாக வட்டமாக நடப்போம். தங்லோங் டார்ச்சுக்கு முன்னால் வரும்போது கூட்டத்தின் முகங்களில் விழும் வெளிச்சம் சட்டென்று குறையும். பிள்ளைகள் "ஆ" என்று கத்துவார்கள். நான் கூட்டத்துக்கு முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறவன். தங்லோங் என் முகத்தை மறைத்துவிடும் என்பதால் அந்த ஒரு வேலையை மட்டும் சந்தோஷமாகச் செய்தேன். பேச்சு எல்லாம் அக்காவுடையது. மைக்கை நான் தொட்டதே இல்லை.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு இருந்தது. அல்கோலுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தோடு மிர்ஃபாக் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அது மங்காது. நாங்கள் அதைச் சாட்சி என்போம். முதலில் எல்லாரையும் வெளியே நிற்க வைத்து, அல்கோலைவிடச் சாட்சியின் வெளிச்சம் எவ்வளவு அதிகம் என்று வாய் விட்டுச் சொல்ல வைப்போம். பிறகு டோமுக்குள் காட்சி. வெளியே வந்ததும் மறுபடியும் அதே கேள்வி. அப்போதுதான் மாற்றம் தெரியும். தனியாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் கண்ணுக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடல். பெற்றோர் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. சங்கத் தலைவர் மோட்டார் உதிரிப் பாகங்கள் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் அவசரம். "டீச்சர், இன்னிக்கி மட்டும் நல்லபடியா நடக்கட்டும். செபராங் ஜெயா பக்கம் நாலஞ்சி ஸ்கூல் தலைவருங்க நம்ம ஆளுங்க. வருசம் பூரா உங்களுக்கு வேல இருக்கும்லா" என்று வந்ததும் சொல்லிவிட்டார். எங்களுக்கு அப்போது வேலை குறைவாக இருந்த காலம். அக்கா கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அன்று இரவு பத்தரை மணி வாக்கில் அல்கோல் அடிமட்டத்துக்கு மங்கும், ஒன்பதரைக்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். எட்டு மணிக்குத் திடல் விளக்குகளை அணைத்தோம். சாட்சி எவ்வளவு அதிகம் என்று கேட்டோம். "கொஞ்சம்!" என்று கூட்டம் சொன்னது. தங்லோங் சுற்றினோம். "அண்ணே, கல்யாணத்துல அக்கினிய சுத்துற மாதிரி இருக்கு, மெதுவா நடங்க!" என்று ஒருவர் கத்த, திடலே சிரித்தது. பிறகு எல்லாரும் தவழ்ந்து டோமுக்குள் போனார்கள். பெற்றோர் அதிகமாக வந்திருந்ததால் இரண்டு காட்சி வைக்க வேண்டியதாயிற்று.

நான் வழக்கம்போல வெளியே, டோமுக்குக் காற்றடிக்கும் புளோவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கமலா அக்காவும் உள்ளே போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறவர் அவர். ஐம்பது தாண்டியவர், கணவர் இல்லை. அவரும் அவர் மாமியாரும் அந்த வேனை நம்பித்தான் வாழ்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"உள்ள போகலையாக்கா?"

"மண்டி போட்டுல்ல போகணும். என் முட்டி கேக்காது தம்பி. நீங்க போங்களேன்."

"இது நின்னுச்சின்னா டோம் ஒக்காந்துரும்கா. உள்ள இருக்கிறவங்க தலைமேல துணி விழும்."

"அப்ப நாம ரெண்டு பேரும்தான் வெளி ஆளு" என்று சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, எதுன்னு காட்டுங்க. நா இங்கயே ஒக்காந்து பாத்துக்கிறேன். உள்ள போனவங்கள விட நாமதான் நெசமானத பாக்கப் போறோம்."

காட்டினேன். சாட்சியையும் காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே பேசினார். எனக்குப் பேசத் தெரியாது என்பதால் கேட்டுக்கொண்டிருந்தேன். பல வருடமாகச் சர்க்கரை. கண்ணில் கோளாறு வந்திருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் நாள் கொடுத்தார்களாம். இரண்டு தடவை போகவில்லையாம்.

"ஏன்கா?"

"போனா, கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டா? வேன குடுத்துரணும்லா. பிள்ளைங்கள வச்சிக்கிட்டு குருட்டுப் பூனையா ஓட்ட முடியுமா? வீட்டுக்காரரோட அண்ணன், எங்க மச்சான், இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காரு, சாவியக் குடு, நா ஆள் போட்டு ஓட்டுறேன்னு." நட்சத்திரத்தைக் கைகாட்டி, "இது மங்கறது எனக்குத் தெரிஞ்சா போதும் தம்பி. கண்ணு இருக்குன்னு தைரியமா இருப்பேன்" என்றார்.

நானும் மேலே பார்த்தேன். முதல் காட்சி முடிந்து இரண்டாவது நடந்தது. ஒன்பதரை தாண்டியது. அல்கோல் எட்டு மணிக்கு இருந்தது போலவே இருந்தது. சாட்சி கொஞ்சம்தான் அதிகம். "தம்பி, எனக்கு ஒண்ணும் மாறின மாதிரி தெரியலியே" என்று கமலா அக்கா இரண்டு முறை கேட்டார். "பொறுங்கக்கா, இன்னும் நேரம் இருக்கு" என்றேன். நம் அக்காவின் கணக்குத் தப்பாது என்று நம்பினேன். என் கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டோம் காலியாகி எல்லாரும் வெளியே வந்தார்கள். உள்ளே அவர்கள் பார்த்தது புரொஜெக்டரில் பெரிதாக்கிய அல்கோல். கண் கூசும்படி எரிந்து, குறுக்கே ஒன்று வந்ததும் இருட்டிப்போகும் படம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வானத்தில் உள்ள எந்த நட்சத்திரமும் சின்னதாகத்தான் இருக்கும். தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா சாட்சியைப் பற்றிக் கேட்காமல் நேராகக் கேட்டுவிட்டார்.

"எல்லாரும் அல்கோல பாருங்க. மங்கியிருக்கா?"

"மங்கியிருச்சி டீச்சர்!"

"பாதிகூட இல்ல!"

"லேசா செவப்பாகூட இருக்குலா, அந்தத் தங்லோங் மாதிரியே!"

கை தட்டினார்கள். தலைவர் மைக்கை வாங்கி நன்றி சொல்லத் தொடங்கினார். நான் கமலா அக்காவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் மேலே பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"நா கண்ணையே எடுக்கல தம்பி. ரெண்டு மணி நேரமா அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அத்தன பேருக்கும் தெரியுது." எழுந்து இடுப்பிலிருந்து வேன் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இனி கிளினிக்குக்கு என்னத்துக்குப் போகணும்? தெரிஞ்சிபோச்சி. இப்ப பிள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு நேரா மச்சான் வீட்டுக்குப் போறேன்."

அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொன்னாலும், அவர்களில் ஒருவர்கூட இரண்டு மணி நேரம் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இரண்டே பேர். நானும் இவரும். இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொடுக்காமல் ஒரே பதிலுக்கு வந்திருக்கிறோம். தரையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு மறுபடியும் மேலே பார்த்தேன். சாட்சி கொஞ்சம்தான் அதிகம்.

"அக்கா, ஒரு நிமிசம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு நம் அக்காவிடம் ஓடினேன். அவர் காதருகே சொன்னேன்.

"அக்கா, மங்கல."

"என்ன?"

"மங்கவே இல்லக்கா. சாட்சிய பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பார்த்தார். மங்கும் நேரங்கள் உலகப் பொது நேரத்தில்தான் கிடைக்கும். நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும். அவர் எட்டு மணியைக் கழித்திருந்தார். உண்மையில் அல்கோல் மங்கப்போவது மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில்.

"ஐயோ" என்றார். தலைவர் மைக்கில் எங்கள் பெயரைச் சொல்லி, மற்றப் பள்ளிகளுக்கும் எங்களைச் சிபாரிசு செய்வதாக அறிவித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கி வாட்சாப் குரூப்ல திருத்திப் போட்டுருவோம். எல்லாம் சந்தோசமா வீட்டுக்குப் போறாங்க. இப்ப கெடுக்க வேணாம்."

நான் இருந்த எந்த வேலையிலும் முதலாளிக்கு எதிர்ப்பேச்சு பேசியதே இல்லை. கமலா அக்காவைக் கைகாட்டினேன். அவர் சொன்னதைச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க சாவியக் குடுத்துருவாங்க. கிளினிக்குக்கும் போக மாட்டாங்க. நாளைக்கி குரூப்ல போட்டு என்னக்கா பண்றது?"

அக்கா கமலா அக்காவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அவர் அப்போது சொன்னதைத்தான் இத்தனை வருடத்தில் நான் அவரிடமிருந்து கற்றதிலேயே பெரிதாக நினைக்கிறேன்.

"நா மைக்குல மங்கலன்னு சொன்னா, எல்லாரும் ஆமா மங்கலன்னு சொல்லுவாங்க. இப்ப மங்கிருச்சின்னு சொன்ன மாதிரியே. அது பிரயோசனமில்ல. அவங்களே பாக்கணும். நா கேட்டா என் மொகத்தப் பாத்துப் பதில் சொல்லுவாங்க. நீ கேளு. பதில சொல்லிராத, கேள்விய மட்டும் கேளு."

தலைவர் கையிலிருந்து மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். முகத்தை மறைக்கத் தங்லோங் பக்கத்தில் இல்லை. "தங்லோங் அண்ணே பேசப் போறாருலா!" என்று யாரோ விசிலடித்தார்கள்.

"ஒரு வேல பாக்கி இருக்கு" என்றேன். "எட்டு மணிக்கு ஒரு கேள்வி கேட்டோம். அதையே இன்னொரு தடவ கேக்கணும். வலப்பக்கம் உள்ளதப் பாருங்க. எடப்பக்கம் உள்ளதப் பாருங்க. வலது எவ்வளவு அதிகம்? ரொம்பவா, கொஞ்சமா, சமமா? பக்கத்துல உள்ளவங்களக் கேக்காதீங்க. முடிவு பண்ணினவங்க கைய மட்டும் தூக்குங்க."

ரொம்ப என்றதற்கு யாரும் கை தூக்கவில்லை. சமம் என்றதற்கு ஒன்றிரண்டு. கொஞ்சம் என்றதற்கு இருட்டில் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கமலா அக்காவின் கையும் எழுந்தது, சாவியோடு.

"எட்டு மணிக்கு என்ன சொன்னீங்க?"

முன்வரிசையில் ஒரு தாய்தான் மெல்லச் சொன்னார். "அப்பவும் கொஞ்சம்னுதான் சொன்னோம்."

"அப்ப மங்கலியா?" என்று ஒருவர் கேட்டார்.

"மங்கல" என்றேன்.

அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார். எட்டைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டேன், தவறு என்னுடையது என்று நேராகச் சொன்னார். பிறகு கேலி தொடங்கியது.

"அப்ப நாங்க பாத்து கை தட்டினது எத டீச்சர்?"

"உன் பக்கத்து வீட்டு டியூப் லைட்டலா!"

"செவப்பா இருக்குன்னு சொன்னது யாருப்பா? அவர மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க!"

"எல்லாரும் மங்கிருச்சின்னாங்க, நானும் சொன்னேன். நா மட்டும் இல்லன்னா முட்டாள்னு நெனப்பீங்கல்ல" என்று அந்தச் சிவப்புக்காரரே ஒப்புக்கொண்டதும் திடல் முழுவதும் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு பேர வரச் சொல்லிட்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார். அவர் சொன்ன பள்ளிகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அந்த வருடம் எங்களுக்குச் சிரமமாகத்தான் போனது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

கூட்டம் கலையும்போது கமலா அக்கா என்னிடம் வந்தார். முகம் மாறியிருந்தது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அப்படித்தானே தம்பி?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் ஒரு பொய்யை இப்போதுதான் திடலிலிருந்து துரத்தியிருந்தோம்.

"நட்சத்திரம் மங்கலங்கிறது மட்டும்தான்கா எனக்குத் தெரியும். உங்க கண்ணப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. டாக்டருக்குத்தான் தெரியும்."

"நீ என்ன தம்பி, நல்ல வார்த்த ஒண்ணு சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டார். பிள்ளைகளை வேனில் ஏற்றினார். கதவைச் சாத்தினார். வண்டியைக் கிளப்பியவர், கண்ணாடியை இறக்கி, "அந்த கிளினிக்ல தனியா ஒக்காரத்தான் பயமா இருக்கு" என்றார்.

"என் வீட்டுக்காரிய அனுப்புறேன்கா. அவ கூட இருப்பா."

என் மனைவி போனாள். காலையிலிருந்து மத்தியானம் வரை இருவரும் அங்கே இருந்தார்கள். வலது கண்ணில் பாதிப்பு ஆரம்பமாகியிருந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். லேசர் சிகிச்சைக்கு உடனே நாள் கொடுத்தார்கள். இடது கண் நன்றாக இருந்தது. பார்வை அளவு போதுமானது, வேன் ஓட்டலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஒழுங்காகப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். இருவரும் வரும் வழியில் இனிப்புச் சாறு ஊற்றிய ரோஜாக் சாப்பிட்டுவிட்டு வந்ததை என் மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்த வாரமே அக்கா எங்கள் வேலையில் ஒரு விதி வைத்தார். நீங்கள் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கும் சொல்லியிருப்பார். மங்கும் நேரத்தைக் கணக்குப் போடுகிறவர் கூட்டத்திடம் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்கிறவருக்கு நேரம் தெரியக் கூடாது. மங்கியிருக்கா என்று எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது. எது அதிகம், எவ்வளவு அதிகம் என்று மட்டும்தான். இது ஏன் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். இதற்காகத்தான். மனிதர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. நம்மைச் சந்தோஷப்படுத்த நினைக்கிறார்கள், கூட்டத்தில் தனியாக நிற்கப் பயப்படுகிறார்கள். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தால் அதைத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். உண்மையாகப் பார்த்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்தான் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்தப் பெற்றோர் குரூப்பில் அக்கா ஒரு செய்தி போட்டார். மழை மேகம் இல்லாத நாட்களில், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் நின்று இரண்டு நட்சத்திரங்களையும் பாருங்கள், ஒரு நாள் வித்தியாசமாக இருக்கும், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்று. எனக்கும் சொல்லவில்லை. மறுநாளே ஒருவர் மங்கிவிட்டது என்று போட்டார். அதற்கடுத்த நாள் இன்னொருவர் விமானத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அந்தச் சிவப்புக்காரர், "நா ஒண்ணும் சொல்ல மாட்டேன், போன தடவயே போதும்" என்று எழுதினார். சில நாளில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

சீனப் புத்தாண்டு முடிந்த வாரம், ஒன்பது மணி தாண்டியிருக்கும். என் கைப்பேசி அடித்தது. கமலா அக்கா. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் வராந்தாவிலிருந்து வடமேற்கு வானம் தெரியும்.

"தம்பி, நீ வெளிய வந்து பாத்தியா?"

"இல்லக்கா. இப்பத்தான் சாப்பிட்டேன்."

"நல்லது, பாக்காத. மொதல்ல என்னயக் கேளு."

"என்ன கேக்கணும்?"

"நீதானே மைக்க புடிச்சிக்கிட்டுக் கேட்ட! எது அதிகம்னு கேளுலா."

"சரிக்கா. வலது எவ்வளவு அதிகம்?"

"ரொம்ப." அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கியது கேட்டது. "ரொம்ப ரொம்ப அதிகம். எடப்பக்க ஆள நா தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதா இருந்திச்சி. மொதல்ல எடது கண்ணால பாத்தேன், அப்புறம் வலது கண்ணால பாத்தேன். ரெண்டுலயும் அதேதான்."

நான் சட்டைகூடப் போடாமல் படியிறங்கி, கார் நிறுத்துகிற இடத்தின் பின்பக்கம் போய் நின்றேன். சாட்சி இருந்தது. அதற்கு இடப்பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டியது இல்லை. விளக்குக் கம்பத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்த பிறகுதான் ஒரு சின்னப் புள்ளி கண்ணில் பட்டது. இத்தனை வருடம் எத்தனை திடல்களில் பார்த்திருக்கிறேன். மங்கும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்குப் போன் போட்டேன். "வலது ரொம்ப அதிகம்கா."

"யாரு பாத்தா?"

"கமலா அக்கா. அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நா பாத்தேன்."

அக்கா சிரிப்பது கேட்டது. "கணக்கு இந்தத் தடவ சரிதான். அவங்கள உள்ள போயிர வேணாம்னு சொல்லு. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் எறங்கும். அப்புறம்தான் ஏறும்."

கமலா அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா, டீச்சர்கிட்ட கேட்டேன், இன்னும்..."

"சொல்லாத தம்பி" என்று குறுக்கே வெட்டினார். "நா நாற்காலி போட்டு ஒக்காந்துட்டேன். என்ன ஆகுதுன்னு நானே பாத்து உங்க ரெண்டு பேருக்கும் சொல்றேன்."